உழக்கும் ஒளிப்படமும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் நாட்டுப் பழமொழி. இப்பழமொழி பிறந்த காலத்தில் புகைப்படக் கருவி இல்லை. இருந்திருக்குமாயின், படத்தில் பதிவதையும் முன்னோர் இதனோடு சேர்த்தே சொல்லியிருப்பர் என்று நான் நினைப்பதுண்டு. மனிதனின் கண்ணை ஐயுறுகிற நாம், கருவியின் கண்ணை மட்டும் ஏனோ எளிதில் நம்பிவிடுகிறோம்.

சென்ற மாசி மாதத்தில் மொரப்பூரில் என் வீட்டுக்கு ஒரு கல்லூரி மாணவன் வந்தான். முன்பு என் பள்ளியில் படித்தவன். ஊருக்கு வெளியே, இரயில் நிலையத்து விளக்கொளி எட்டாத வயல் வரப்பொன்றில், ஒரு சிறு தொலைநோக்கியோடு டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பொருத்தி, ஓரியன் என்னும் வேட்டைக்காரன் மண்டலத்தைப் படம் பிடித்திருந்தான். வேட்டைக்காரனின் உடைவாளில் உள்ள ஒளிமேகம் அழகாகவே விழுந்திருந்தது. ஆயின் அதன் பக்கத்தில் வளையல் போன்றதொரு சாம்பல்நிற வளையமும், வான வரைபடம் எதிலும் இல்லாத சிவப்பும் நீலமுமான சில புள்ளிகளும் இருந்தன. “ஐயா, இந்த வளையம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. புதிதாக இருக்குமோ?” என்று அவன் கேட்டபோது அவன் குரல் நடுங்கிற்று. இருபது வயதில் அந்த நடுக்கம் வராதவன் விஞ்ஞானத்துக்கு வரவேண்டியதில்லை. “தம்பி, தொலைநோக்கியின் மூடியை மூடிவிட்டு, அதே அளவு நேரத்துக்கு இன்னொரு படம் எடுத்து வா” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அவன் திரும்பி வருவதற்குள், நம் தென்னாட்டில் இதே கேள்வி எங்ஙனம் எழுந்தது, எங்ஙனம் விடை கண்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பதில் வானத்துக்கு உரியது எவ்வளவு, கருவிக்கு உரியது எவ்வளவு என்று பிரித்தறிவதை ஆங்கிலத்தில் ‘காலிபரேஷன்’ என்பர். நாம் அதை அளவு திருத்தம் என்று வழங்குவோம்.

1871-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் காலை, முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் மலபார்க் கரையில் ஏறி, நீலகிரியையும் கோவைச் சீமையையும் கடந்து, புதுக்கோட்டை வழியே யாழ்ப்பாணத்துக்குச் சென்றது. அந்நாளில் வானவியலாரிடையே ஒரு வழக்கு நிலவியது. கிரகணத்தின்போது கருத்த வட்டத்தைச் சுற்றி ஒரு வெண்மையான ஒளிமுடி தோன்றுகிறதே, அது யாருடையது? சூரியனுடையதா, சந்திரனுடையதா, அல்லது நம் பூமியின் காற்றும் நம் கண்ணாடிகளும் செய்கிற மாயமா? மூன்று கட்சிக்கும் ஆட்கள் இருந்தனர்.

இவ்வழக்கைத் தீர்க்க வந்தவர்கள் பல இடங்களில் தங்கினர். பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் நீலகிரியில் சோலூரில் நிறமாலைக் கருவியுடன் இருந்தார். சென்னை வானாராய்ச்சிக் கூடத்துப் பாக்ஸன் அவிநாசிக்குச் சென்றார். நமக்கு வேண்டியவர்கள் வேறு இருவர். மலபார்க் கரையில் பேக்கல் கோட்டைப் பக்கத்தில் டேவிஸ் என்பவர் புகைப்படம் எடுத்தார். தொட்டபெட்டா மலையுச்சியில் கர்னல் டென்னன்ட் குழுவினர் எடுத்தனர். ஓரிடம் கடல்மட்டம், மற்றது 2,637 மீட்டர் உயரம். இரண்டுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். காற்று வேறு, கண்ணாடி வேறு, மருந்து பூசிய தகடு வேறு, கைகளும் வேறு. பின்னர் இருவர் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒளிமுடியின் கதிர்களும் அவற்றிடையே இருந்த பிளவுகளும் இரண்டிலும் ஒரே விதமாக அமைந்திருந்தன. கருவியின் குறையாயின் இரு கருவிகளும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்க மாட்டா. எனவே ஒளிமுடி சூரியனுக்கே உரியது என்பது உறுதிப்பட்டது. சாட்சிகளைத் தனித்தனியே நிறுத்தி விசாரிக்கும் முறைதான் இது. நம் கிராமத்துப் பஞ்சாயத்துக்கும் தெரிந்ததே.

ஆனால் இம்முறை வடிவத்துக்குப் போதும், அளவுக்குப் போதாது. ஒரு விண்மீன் எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை ஒளியுடையது என்று எண்ணால் சொல்ல வேண்டுமானால், தகட்டின் குணத்தையே அளந்தாக வேண்டும். இடத்தை அளக்கும் வழி ஒன்று ஹைதராபாத்தில் கையாளப்பட்டது. 1887-இல் பாரிஸ் நகரில் கூடிய வானவியலார், உலகத்து நிலையங்கள் பலவும் வானத்தைப் பங்கிட்டுக்கொண்டு முழு வானையும் படமெடுப்பது என்று தீர்மானித்தனர். அதில் ஒரு பகுதியை ஹைதராபாத் நிஜாமியா நிலையம் பின்னர் ஏற்று முடித்தது. கண்ணாடித் தகட்டின் மேலுள்ள பசைப்படலம் கழுவும்போது நனைந்து, உலரும்போது சுருங்கும். சுருங்கினால் விண்மீன்களின் இடைவெளியும் மாறிவிடும். இதற்காக, வானத்தைப் படமெடுக்கும் அதே தகட்டில், ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கட்டக் கோடுகளையும் ஒளியால் பதித்துவிடுவர். தகடு சுருங்கினால் கட்டங்களும் சுருங்கும். கோடு எவ்வளவு கோணிற்று என்று பார்த்து விண்மீனின் இடத்தைத் திருத்திக்கொள்வர். எளிய தந்திரம், ஆனால் படம் எடுப்பதற்கு முன்பே ‘இத்தகடு பிழை செய்யும்’ என்று ஒப்புக்கொண்டவனுக்கே தோன்றக்கூடிய தந்திரம்.

ஒளியின் அளவு இதைவிடக் கடினமான செய்தி. அதைச் சொல்வதற்குக் கொடைக்கானலுக்குப் போகவேண்டும். கொடைக்கானலுக்குப் போகும் வழியோ ஒரு பஞ்சத்தின் ஊடே செல்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றி நீங்கள் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருக்கலாம். அன்று இந்தத் தருமபுரிப் பகுதி சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தனி மாவட்டமானது 1965-இல்தான். அப்பஞ்சத்தில் மிகுதியாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. மழை ஏன் பொய்த்தது என்று கேட்டவர்களுள் சிலர், சூரியன் முகத்தில் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் உறவு இருக்கலாம் என எண்ணினர். அப்படியாயின் சூரியனை நாள்தோறும் பார்த்துப் பதிவுசெய்ய ஒரு நிலையம் வேண்டும் அன்றோ? 1893-இல் கொடைக்கானலில் நிலையம் அமைப்பதென்று முடிவாயிற்று. மிக்கி ஸ்மித் அதன் முதல் தலைவர். 1899-இல் சென்னையிலிருந்த பணி அங்கு மாறத் தொடங்கியது. 1904 முதல் சூரியனின் படங்கள் நாள்தோறும் எடுக்கப்பட்டு வந்தன. கால்சியம் ஆவியின் ஒளியில் மட்டும் சூரியனைக் காட்டும் தனிக் கருவியும் அவ்வாண்டுகளிலேயே வந்துசேர்ந்தது. 1907-இல் வந்து சேர்ந்த எவர்ஷெட் என்பவர், 1909 ஜனவரியில் கரும்புள்ளிகளின் உள்ளே வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே உலகெங்கும் வழங்கப்படுகிறது.

புள்ளிகளைக் கொண்டு மழையை முன்னறியலாம் என்ற நம்பிக்கை நிறைவேறவில்லை. ஆயினும் தகடுகள் எஞ்சின. ஒரு நூற்றாண்டுக் காலம் சூரியன் எவ்வாறு இருந்தது என்பதற்கு உலகில் உள்ள மிகச் சில தொடர்ச்சியான சாட்சியங்களுள் அவை ஒன்று. கால்சியப் படங்களில் பளிச்சிடும் திட்டுகளின் பரப்பையும் ஒளியையும் அளந்தால், அக்காலத்தில் சூரியனின் புறஊதா ஒளி எவ்வளவு ஏறி இறங்கியது என்று கணிக்க இயலும். சூரியனால் பூமியின் தட்பவெப்பம் எவ்வளவு மாறுகிறது, மனிதனால் எவ்வளவு மாறுகிறது என்னும் இக்காலத்துப் பெரிய வழக்குக்கு அது வேண்டிய ஆவணம். இங்கேதான் இடர் தோன்றியது.

புகைப்படத் தகடு ஒளியைக் கணக்குப் பிள்ளை போல் ஒன்றுக்கு ஒன்று எழுதுவதில்லை. 1890-இல் இங்கிலாந்தில் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் இதைத் தெளிவாக அளந்து காட்டினர். மிகக் குறைந்த ஒளி பட்டால் தகடு ஏறத்தாழ அசைவதே இல்லை. நடுத்தர ஒளிக்கு ஒழுங்காகக் கறுக்கிறது. மிகுந்த ஒளிக்கோ, நீரில் ஊறிய பஞ்சு போல், இனி ஏற்காது என்று நின்றுவிடுகிறது. இதைக் கோடாக வரைந்தால் படுத்த ஓர் எழுத்துப்போல் வளைந்து வரும். போதாததற்கு, ஒளியைப் பாதியாக்கி நேரத்தை இரட்டித்தால் கணக்கு சரியாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு, அதுவும் ஆகாது என்று சில ஆண்டுகளில் வியன்னாவில் ஆராய்ந்த ஷ்வார்ஸ்சைல்ட் மெய்ப்பித்தார். மேலும் கழுவும் மருந்தின் பழமை, நீரின் சூடு, தகட்டின் பிறப்பு ஆகியவற்றால் இவ்வளைவு தகட்டுக்குத் தகடு மாறும்.

பரிகாரம் என்ன? தகட்டின் ஓரத்தில், ஒன்றுக்கொன்று அறிந்த விகிதத்தில் மங்கிச் செல்லும் ஒளிப்படிகளைப் பதித்து, சூரியனின் படத்தோடு ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் கழுவவேண்டும். பிறகு எக்காலத்தில் எவர் எடுத்துப் பார்த்தாலும், ‘இவ்வளவு கறுப்புக்கு இவ்வளவு ஒளி’ என்று அப்படிகளே சொல்லும். அங்காடியில் படிக்கல்லை வைத்து நிறுப்பது போன்றது இது. கொடைக்கானலின் தொடக்கக் காலத் தகடுகளில் இந்தப் படிகள் இல்லை. அன்றைய பணியாளர்களைக் குறைகூற இடமில்லை; புள்ளிகளின் இடமும் உருவமுமே அவர்கள் தேடியவை. நூறாண்டுக்குப் பின் ஒருவன் வந்து ஒளியின் அளவைக் கேட்பான் என்று அவர்கள் எங்ஙனம் அறிவர்?

படிக்கல் இல்லாத தராசை வைத்துக்கொண்டு அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் செய்தது வியப்பானது. சூரிய வட்டம் நடுவில் மிகுந்த ஒளியும் விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்த ஒளியும் உடையது. அமைதியான பகுதிகளில் இக்குறைவு எவ்விகிதத்தில் நிகழ்கிறது என்பதை இக்காலத்துக் கருவிகள் நன்கு அளந்துள்ளன. அவ்விகிதம் நூறாண்டுக்கு முன்பும் இதுவே என்று கொண்டால், பழைய தகட்டில் நடுவிலிருந்து விளிம்பு வரை கறுப்பு எப்படிக் குறைகிறது என்று பார்த்து, அத்தகட்டின் வளைவையே மீட்டெடுக்கலாம். சூரியனே தனக்குப் படிக்கல்லாகிவிட்டது! இங்கே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: அமைதியான சூரியன் மாறவில்லை என்னும் நம்பிக்கை. அதைச் சோதிக்க, உலகின் வேறு நிலையங்களில் அதே நாட்களில் எடுத்த தகடுகளோடு ஒப்பிடுகின்றனர். தொட்டபெட்டாவும் பேக்கலும் மறுபடி வந்துவிட்டன, பாருங்கள்.

அத்தகடுகளைக் கணிப்பொறியில் ஏற்றுவதற்காக, சீரான ஒளியின் முன் ஒவ்வொன்றையும் வைத்து, குளிரூட்டிய மின்னணுக் கேமராவால் மீண்டும் படமெடுத்திருக்கின்றனர். நீளத்தில் 4,096 புள்ளி, அகலத்தில் 4,096 புள்ளி. ஆக ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். அந்த மின்னணுக் கேமராவுக்கும் குறைகள் உண்டு. ஆகவே தகட்டைத் திருத்துவதற்கு முன் அதைப் பார்க்கிற கண்ணைத் திருத்தவேண்டியதாயிற்று.

அந்த மின்னணுக் கண்ணைப் பற்றி அறிய, மொரப்பூரிலிருந்து நெடுந்தூரம் செல்லவேண்டாம். சென்னை செல்லும் இரயிலில் ஏறினால் சாமல்பட்டி, திருப்பத்தூர், ஜோலார்பேட்டை, வாணியம்பாடி என்று வரும். அங்கிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். கொடைக்கானலின் பனிமூட்டம் இரவு வானத்துக்கு உகந்ததன்று என்று கண்ட வேணு பாப்பு அவர்கள், இருண்ட வானமும் தென்திசை விண்மீன்களும் ஒருங்கே கிடைக்கும் இடமாகக் காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. அது கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்டது என்பதை இளைஞர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க நெருங்கியபோது, விண்மீனின் ஒளி சற்றே மங்கியதைக் காவலூர்க் கருவி பதிவுசெய்தது. புதிய துணைக்கோள் ஒன்று என்று அதற்கு முதலில் பொருள்கொண்டனர். பிற நிலையங்களின் பதிவுகளும் சேர்ந்தபோதே அது யுரேனஸின் வளையங்கள் என்று விளங்கிற்று. பதிவு பொய்யன்று, பொருள்கொண்டதுதான் மாறிற்று. 1988 பிப்ரவரியில் அங்கே ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோள் இராமானுஜன் பெயரைத் தாங்குகிறது. வானத்தின் ஒரே பகுதியை வெவ்வேறு நேரங்களில் எடுத்த படங்களில், இடம் மாறும் புள்ளியே கோள். ஒன்றில் மட்டும் இருந்து மற்றொன்றில் மறையும் புள்ளி பெரும்பாலும் தகட்டின் மாசு.

1986 ஜனவரி 6-ஆம் நாள் திறக்கப்பட்ட 2.34 மீட்டர்த் தொலைநோக்கியில் பின்னர் சி.சி.டி. என்னும் மின்னணுச் சில்லு பொருத்தப்பட்டது. பாயில், ஸ்மித் என்ற இருவர் 1969-இல் அமெரிக்காவில் உருவாக்கிய இச்சில்லு, தகட்டைப் போல் வளைந்து நடப்பதில்லை. இரு மடங்கு ஒளிக்கு இரு மடங்கு எண் தரும், நிரம்பி வழியும் வரை. அப்படியாயின் குறை எங்கே?

வீட்டில் உழக்கு இருக்கிறதல்லவா? இலட்சக்கணக்கான உழக்குகளை வரிசையாக அடுக்கி, ஒளியை நெல்லாகக் கொட்டி அளப்பதே சி.சி.டி.யின் வேலை. எல்லா உழக்கின் அடியிலும் முன்பே சிறிது நெல் போட்டுவைத்திருக்கிறார்கள். கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடக்கூடாதே என்பதற்காக. ஒளியே இன்றி, இயன்ற மிகக் குறுகிய நேரத்தில் எடுத்த படத்தால் இவ்வடி நெல்லின் அளவு தெரியும். இரண்டாவது, காத்திருக்கும் நேரத்தில் கூரையிலிருந்து தானாகவே உதிரும் நெல். இது வெப்பத்தால் வருவது. சூடு ஆறு முதல் எட்டுப் பாகை ஏறும்போதெல்லாம் ஏறத்தாழ இரட்டிக்கும். சில உழக்குகளின் மேல் கூரை ஓட்டை பெரிதாக இருக்கும். அவையே பொய் விண்மீன்களாக மின்னும். காவலூர் போன்ற இடங்களில் திரவ நைட்ரஜனால் சில்லைப் பூஜ்யத்துக்குக் கீழே நூறு பாகையளவு குளிரவைத்து இதை அடக்குகிறார்கள். தருமபுரிச் சீமையின் சித்திரை இரவில் நம் மாணவனுக்கு அந்த வசதி ஏது? அவன் செய்யக்கூடியது, மூடியை மூடி, அதே நேரம், அதே சூட்டில் ஓர் இருட்டுப் படம் எடுத்துக் கழிப்பதே.

மூன்றாவது, உழக்குகள் எல்லாம் ஒரே அளவுடையன அல்ல, சில நசுங்கியவை. மேலும் தொலைநோக்கியின் ஓரத்தில் ஒளி குறையும்; கண்ணாடியில் தூசி இருந்தால் அதன் நிழல் வளையமாக விழும். இதற்கு, அந்தி வானத்தையோ சீராக ஒளியூட்டிய வெண்துணியையோ படமெடுத்து, அதனால் வகுக்கவேண்டும். கழிப்பதன்று, வகுப்பது, மாணவர் பலர் இவ்விடத்தில் தவறுகின்றனர். அடியில் கிடக்கும் நெல் எவ்வளவு கொட்டினாலும் மாறாது, ஆகவே கழிக்கிறோம். நசுங்கிய உழக்கு ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில் குறைவாக அளக்கும், ஆகவே வகுக்கிறோம். வகுப்பதற்கு முன் அந்த வெண்படத்திலும் அடி நெல்லைக் கழித்துவிட வேண்டும். ஒவ்வொரு திருத்தப் படத்தையும் ஒன்றோடு நிறுத்தாமல் பல எடுத்துச் சராசரி காண்பது நல்லது. பதினாறு எடுத்தால் தற்செயலான சலசலப்பு நாலில் ஒன்றாகும்.

எஞ்சிய எண்ணை விண்மீனின் ஒளித்தரமாக மாற்றுவதற்கு, அதே இரவில் தரம் அறிந்த விண்மீன்களையும் படமெடுக்கவேண்டும். ஐந்து தரத்துக்கு நூறு மடங்கு ஒளி என்னும் அந்த அளவுகோலை 1856-இல் வகுத்தவர், பின்னர் சென்னையில் முப்பதாண்டு பணிபுரிந்த அதே பாக்ஸன்தான். பொதுவான கேமராக்களைக் கையாள்வோர் படங்களை ‘ரா’ என்னும் மூல வடிவிலேயே சேமிக்கவேண்டும். ‘ஜேபெக்’ வடிவில் சேமித்தால், கண்ணுக்கு இனிமையாகும்பொருட்டுக் கேமராவே ஒளியை வளைத்துவிடும். ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் கண்ட வளைவு பின்கதவு வழியாக மீண்டும் நுழைந்துவிடும்.

நான்கு நாள் கழித்து மாணவன் வந்தான். மூடிய மூடியோடு எடுத்த படத்தில் சிவப்பும் நீலமுமான அப்புள்ளிகள் இம்மி பிசகாமல் அதே இடங்களில் இருந்தன. முகம் வாடியிருந்தது, ஆனால் கழித்துப் பார்த்த பின் ஒளிமேகத்தின் மங்கிய ஓரம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்ததை அவனே எனக்குச் சுட்டிக்காட்டினான். வளையம் மட்டும் இருட்டுப் படத்தில் இல்லை. அப்படியானால் அது வானத்தில் இருக்கிறதா என்று அவன் கண்ணில் மீண்டும் ஓர் ஒளி எழுந்தது. வெண்துணிப் படம் எடுத்தாயா என்று கேட்டேன். எடுக்கவில்லை. அன்றிரவே கேமராவைத் தொலைநோக்கியிலிருந்து கழற்றி, கண்ணாடியைத் துடைத்தும் வைத்துவிட்டான். தூசி இருந்திருந்தால் அது போன இடம் தெரியாது. இனி எடுக்கும் வெண்படம் அந்த இரவுக்குப் பொருந்தாது. வளையம் தூசியின் நிழலே என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் படத்தைக் கொண்டு அவனுக்கு அதை மெய்ப்பிக்க என்னால் இயலவில்லை. வேட்டைக்காரன் மேற்கே சாய்ந்துகொண்டிருக்கிறான். கார்த்திகையில் அவன் மீண்டும் கிழக்கே எழும்போது, வெண்துணியோடு அதே வரப்புக்குப் போவதாக மாணவன் சொல்லியிருக்கிறான்.